மகனை ஆராய்ச்சியில் சேர்க்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நாங்கள் பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம். என் மகனுக்கு 27 வயது. மூன்று வருஷமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். முன்பைவிட எவ்வளவோ தேவலை. ஆனால் காதில் குரல் கேட்பது முழுசாக நிற்கவில்லை. போன வாரம் ஆஸ்பத்திரியில் ஏதோ ஆராய்ச்சியில் சேரச் சொல்லி, ஆங்கிலத்தில் கத்தையாக ஒரு படிவம் கொடுத்தார்கள். வேலைக்குப் போகும் அவன் தங்கையின் ரத்தமும் வேண்டுமாம். "பையனைச் சோதனை எலி ஆக்கிடுவாங்க" என்கிறார் என் அண்ணன். கையெழுத்துப் போடலாமா?

பதில்: கையெழுத்துப் போட வேண்டியது நீங்கள் இல்லை அம்மா, உங்கள் மகன். நோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று ஆகிவிடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் ஆராய்ச்சிக்கு நோயாளியின் சொந்தச் சம்மதத்தைத்தான் கேட்கிறது. அவரால் சம்மதம் தர இயலாத நிலை என்றால் மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வரை போக வேண்டும். "அம்மா போட்டால் போதும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

அடுத்து, அது எந்த மாதிரி ஆராய்ச்சி என்று கேளுங்கள். ரத்தம், மூளை ஸ்கேன், கேள்வி-பதில் மட்டும்தான் என்றால் பயப்பட அதிகம் இல்லை. ஒரு ஊசிக்குத்து, அரை நாள் அலைச்சல். "குரல் ஒன்றா, பலவா? உன்னோடு பேசுகிறதா, உன்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறதா?" என்று துருவித் துருவிக் கேட்டு, 30 அம்சங்களுக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுவார்கள். சிலருக்கு அந்தப் பேச்சே களைப்பாக இருக்கும். நடுவில் நிறுத்தச் சொல்லலாம்.

குரல் நிற்கவில்லை என்பதால், தலையில் மெல்லிய மின்சாரம் செலுத்தும் ஆய்வாகவும் இருக்கலாம். ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலேயே பல வருஷமாக இதைச் செய்கிறார்கள். கரன்ட் ஷாக் என்று மிரண்டுவிடாதீர்கள், அது வேறு. இதில் உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சுகளைத் தலையில் பட்டை போட்டுக் கட்டி, வழக்கமாக 2 மில்லி ஆம்பியர் அளவில் 20 நிமிஷம் விடுவார்கள். மயக்க மருந்து கிடையாது. தோல் குறுகுறுக்கும், கொஞ்சம் சிவக்கும். பாதிப் பேருக்கு மெஷினைச் சில விநாடியிலேயே அணைத்துவிட்டு, ஓடுவது போலக் காட்டிக்கொள்வதும் உண்டு. பலன் நிஜமா என்று தெரிய வேறு வழியில்லை. உலகம் முழுக்க முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. சில ஆய்வுகளில் குரல் குறைந்திருக்கிறது, சிலவற்றில் போலி சிகிச்சைக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

புது மாத்திரை ஆய்வு என்றால்தான் நன்றாக யோசிக்க வேண்டும். "இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்துவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று 2012இல் வெளிவந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் நோய் திரும்பியது 27 சதவீதம் பேருக்கு. மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவீதம். தேறி நிற்கும் பையனின் மாத்திரையை நிறுத்தும் ஆய்வுக்கு நான் சரி சொல்ல மாட்டேன். இருக்கிற மாத்திரையோடு கூடுதலாக ஒன்று கொடுக்கிறார்கள் என்றால் யோசிக்கலாம்.

புது மருந்து என்றாலே உசத்தி என்றும் நினைத்துவிட வேண்டாம். 1950களில் குளோர்ப்ரோமசின் வந்ததிலிருந்து இந்த நோய்க்கான மருந்துகள் எல்லாமே டோபமின் என்ற மூளை ரசாயனத்தைச் சுற்றியே வந்தன. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சனோமெலின்-ட்ரோஸ்பியம்தான் வேறு வழியில் வேலை செய்யும் முதல் மருந்து. ஆனால் அதையே பழைய மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், 2025இல், எதிர்பார்த்த அளவு பலன் நிரூபணமாகவில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. உங்கள் மகனுக்கு குளோசபின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்களா? இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், போதுமான காலம் கொடுத்தும் குரல் நிற்காதவர்களுக்கு அடுத்த படி அதுதான். 1988இல் வந்த ஆய்வில், மற்ற மருந்துகளுக்கு மசியாதவர்களில் 30 சதவீதம் பேர் ஆறே வாரத்தில் தேறினார்கள். குளோர்ப்ரோமசினில் தேறியது 4 சதவீதம்தான். குறை என்னவென்றால், அபூர்வமாகச் சிலருக்கு வெள்ளை அணுக்கள் சரிந்துவிடும். அதனால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மாதாமாதம். தூக்கம், எச்சில் ஒழுகல், மலச்சிக்கல், எடை கூடுதல் எல்லாம் உண்டு. மலச்சிக்கலை மட்டும் அலட்சியமாக விடக்கூடாது. இந்த அலைச்சலுக்குப் பயந்தே டாக்டர்களும் குடும்பங்களும் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். நிரூபணமான மருந்து கையில் இருக்க, நிரூபணமாகாததைத் தேடிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு போய் இதை முதலில் கேட்டுவிடுங்கள்.

சரி, படிவத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் எதிலும் கையெழுத்து வேண்டாம். தமிழில் கேளுங்கள், புரிகிற மொழியில் விளக்க வேண்டியது அவர்கள் கடமை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஆற அமரப் படித்துவிட்டு, அடுத்த முறை போகும்போது பதில் சொல்லலாம். மருந்து ஆய்வு என்றால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் கொடுக்கும், சிடிஆர்ஐ (CTRI) என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். 2009 ஜூனிலிருந்து கட்டாயம். ஆய்வால் உடம்புக்கு ஏதாவது வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகள் சொல்கின்றன. அந்த வரிகளில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆய்வை மேற்பார்வை பார்க்கும் நெறிமுறைக் குழுவின் போன் நம்பரும் அதில் இருக்கும், உங்கள் அண்ணனையே போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பாதியில் விலகிக்கொள்ள மகனுக்கு முழு உரிமை உண்டு. விலகினால் வழக்கமான சிகிச்சை நின்றுவிடும் என்று யாரும் மிரட்ட முடியாது.

தங்கை விஷயத்தில் நீங்கள் எழுதாமல் விட்டது, நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இது கிளம்புமோ என்பதுதான் என்று நினைக்கிறேன். குடும்பங்களின் ரத்தத்தை வைத்து மரபணுக்களைத் தேடும் ஆய்வுகளில் மாதிரிக்குப் பெயர் போட மாட்டார்கள், குறியீட்டு எண்தான் போடுவார்கள். "உங்கள் மகளுக்கும் வரும்" என்று அந்த ரத்தம் சொல்லவும் போவதில்லை. 2022இல் வெளிவந்த பெரிய ஆய்வு, இந்த நோயோடு தொடர்புள்ள 287 மரபணுப் பகுதிகளைக் காட்டியது. பொதுவாகக் காணப்படும் இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவுதான். ஒரே கருவில் உருவான இரட்டையரில்கூட, ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வருவது பாதிப் பேருக்கோ அதற்கும் குறைவாகவோதான். ரத்தத்தை எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள், வேறு ஆய்வுக்குக் கொடுப்பார்களா என்று அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அதனால் அண்ணனின் சிகிச்சை எதுவும் மாறாது.