28 நாள் கழியும் வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: ரத்த அழுத்தம் ஏறிப்போனதால் 30ஆவது வாரத்திலேயே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை, 1.3 கிலோ. 16 நாளாக நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் இன்குபேட்டரில் இருக்கிறாள். இப்போது மூக்கில் ஆக்சிஜன் குழாய் மட்டும்தான். சிஸ்டர், "பேசுங்க, பாடுங்க, நெஞ்சில வச்சுக்கோங்க" என்கிறார். எனக்கு வாய் வரவில்லை. தாலாட்டும் தெரியாது, குரலும் நன்றாக இருக்காது, சுற்றிலும் மற்ற அம்மாமார் இருக்கிறார்கள். மாமியோ "28 கழியட்டும், அதுவரை பிள்ளையைத் தொந்தரவு பண்ணாதே" என்கிறார். போனில் தாலாட்டுப் போட்டு உள்ளே வைக்கலாமா? இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அவளைப் பார்க்கும்போது என் பிள்ளை என்ற நினைப்பே வரமாட்டேன் என்கிறது. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார்.
(மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: மக்ளே, கூச்சப்பட்டுக் கடைசியில் எழுதியிருக்கிறாயே, அதைத்தான் முதலில் எடுக்கிறேன். மாதம் நிறைந்து, வலி எடுத்து, பெற்றவுடன் கையில் வாங்கிப் பால் கொடுத்த தாய்மாரிலேயே சில பேருக்கு அந்த நினைப்பு வர நாளாகும். உன்னிடமிருந்து ஆபரேஷன் மேஜையிலேயே பிள்ளையைக் கொண்டுபோய்விட்டு, அப்புறம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாயும் வயருமாகக் காட்டினால், 'இது என் பிள்ளை' என்று உடனே எப்படித் தோன்றும்? இருக்குமா போகுமா என்ற பயத்தில் மனசு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கும். அதனால் நீ கெட்ட அம்மா ஆகிவிட மாட்டாய். ஆனால் ஒன்று, பாசம் முதலில் வரட்டும், அப்புறம் பாடலாம் என்று மட்டும் காத்திருக்காதே. தொட்டு, தூக்கி, பாலெடுத்துக் கொடுத்து, பேசிப் பாடி, அந்த வேலைகளுக்கு நடுவிலேதான் அது வரும்.

மாமி சொல்லும் 28க்கு வருவோம். நம்ம பக்கத்தில் 28ஆம் நாள் அரைஞாண் கட்டுவது நல்ல வழக்கம்தான், அதுவரை கண்ட ஆளும் வந்து பச்சைப்பிள்ளையைத் தூக்காமல் இருப்பதும் நல்லதுதான். ஆனால் கணக்கைக் கொஞ்சம் பார். 30 வாரத்தில் பிறந்தவளுக்கு 28 நாள் கழிந்தால் 34 வாரம். அப்போதும் அவள் உன் வயிற்றுக்குள் இருந்திருக்க வேண்டியவள். வயிற்றுப் பிள்ளைக்கு 25 வாரத்தை ஒட்டியே காது கேட்கத் தொடங்கிவிடும், அதாவது பிறப்பதற்கு முன்பே ஒரு மாதமாக அவள் உன் குரலைக் கேட்டிருக்கிறாள், நீ மீன்காரியிடம் விலை பேசினது, வீட்டுக்காரரிடம் போனில் சண்டை போட்டது எல்லாம் சேர்த்து. ஒருநாள் திடீரென்று அது நின்றுபோய், அந்த இடத்தில் மானிட்டர் கூவுகிற சத்தம் வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த ஒரே ஆளின் குரலைத் திரும்பக் கொடு என்றுதான் அந்த சிஸ்டர் கேட்கிறார், புதிதாக எதையும் அல்ல.

1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத, மாதம் நிறைந்த குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். சப்பும் விதத்தைப் பொறுத்து அம்மாவின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ கேட்கும். பிள்ளைகள் அம்மாவின் குரல் கேட்கிற மாதிரி சப்பினார்கள். அந்தக் குரல் இனிமையா, சுருதி சேர்ந்ததா என்று எந்தப் பிள்ளையும் பார்க்கவில்லை.

இனி நெஞ்சில் வைக்கும் விஷயம். 'கங்காரு பராமரிப்பு' என்று வார்டில் சொல்வார்கள். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய ஏற்பாடு, இன்றைக்கு இன்குபேட்டர் நிறைய இருக்கிற ஊர்களிலும் இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் சேர்ந்து, ஐந்து நாடுகளில் நடந்த ஒரு ஆய்வு 2021இல் வெளிவந்தது. எடுத்துக்கொண்டது 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்தவர்களை, உன் மகளும் அந்த எடைதான். நிலைமை சீராகட்டும் என்று காத்திருக்காமல் பிறந்ததிலிருந்தே நெஞ்சோடு வைத்திருந்த கூட்டத்தில் இறப்பு 25 சதவீதம் குறைவாக இருந்தது. அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனம், குறைமாதப் பிள்ளைகளை ஒரு நாளில் குறைந்தது 8 மணி நேரமாவது இப்படி வைத்திருக்கச் சொல்லிவிட்டது. மாமி தொந்தரவு என்று நினைப்பது, மக்ளே, மருந்துக்குச் சமமான வேலை. மூக்கில் ஆக்சிஜன் இருந்தாலும் டாக்டர் சரி என்றால் செய்யலாம்.

முன்பக்கம் திறக்கிற நைட்டியோ சட்டையோ போட்டுக்கொள். அவளுக்குத் தொப்பியும் டயப்பரும் போதும். உன் இரண்டு மாருக்கும் நடுவில், தவளை மாதிரி கைகால் மடங்கி, நிமிர்ந்த வாக்கில், முகம் ஒரு பக்கம் திரும்பி, கழுத்து மடங்கி மூச்சு அடைக்காமல் இருக்க வேண்டும், அதை சிஸ்டர் பார்த்துச் சரிசெய்வார். அப்போது அவளுடைய ஒரு காது உன் நெஞ்செலும்பின் மேலேயே இருக்கும். நீ வாயைத் திறக்கவே வேண்டாம், 'உம்ம்' என்று முனகினாலே அந்த அதிர்வு அவளுக்குப் போய்ச் சேரும். முதல் நாள் அது மட்டும் செய். மற்ற அம்மாமாருக்குக் கேட்குமே என்று பயப்படுகிறாய், அடுத்த நாற்காலிக்குத் தெளிவாகக் கேட்கிற அளவு பாடினால் அது உன் பிள்ளைக்கே அதிகம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இந்த மாதிரி வார்டில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது, அது மெல்லிய பேச்சு அளவுதான். (இன்குபேட்டரின் கைக்கதவை டப்பென்று சாத்துவதும், மேலே பாட்டிலை வைப்பதும் உள்ளே இருப்பவளுக்கு இடி. யார் செய்தாலும் தயங்காமல் சொல்.)

என்ன பாட்டு என்பது உன் இஷ்டம். கோயில் பாட்டோ சர்ச் பாட்டோ, பள்ளிக்கூடத்தில் படித்ததோ, வேகமான பாட்டாக இருந்தால் இழுத்து மெதுவாக்கிக்கொள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடு. வார்த்தை மறந்தால் 'ராரோ ராராரோ' போதும், நம்ம ஊர் அம்மாமார் பாதித் தாலாட்டை அப்படித்தான் ஓட்டினார்கள். பாட்டே வேண்டாம் என்றால் பேசு, வெளியே மழை பெய்கிறது, அப்பா போன் பண்ணினார் என்று சொல்.

முக்கியமானது அவளைப் பார்த்துப் பாடுவது. போன் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் கிருமி ஒரு காரணம், சத்தம் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் போனுக்குக் கண் இல்லை. போதும் என்பதை அவள் சொல்லுவாள். விரல் ஐந்தையும் விரித்துக் கையை முகத்துக்கு நேராகத் தூக்குவாள், முதுகை வளைப்பாள், முகத்தைத் திருப்புவாள், கொட்டாவி விடுவாள், விக்கல் வரும். இதில் ஒன்றைக் கண்டாலும் பாட்டை நிறுத்திவிட்டுச் சும்மா பிடித்துக்கொள். மானிட்டர் கூவினாலோ நிறம் மாறினாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடு. முகம் தளர்ந்து, விரல்கள் மெல்ல மூடி, மூச்சு ஒரே சீராகப் போனால் அவளுக்குப் பிடித்திருக்கிறது. இப்படி இரண்டு மூன்று நாள் பார்த்தால், அவளுக்கு எது ஆகும் எது ஆகாது என்று உனக்கே தெரியும். அப்படித் தெரிகிற நேரத்தில்தான் 'என் பிள்ளை' என்ற நினைப்பும் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போது ஓடிப்போகாதே. இத்தாலியில் நடந்து 2021இல் வெளியான ஒரு ஆய்வில், அந்த நேரத்தில் அம்மா பக்கத்தில் பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ இருந்தபோது குறைமாதப் பிள்ளைகளுக்கு வலியின் அறிகுறிகள் குறைவாகவே தெரிந்தன. உனக்கும் இதில் லாபம் உண்டு, நெஞ்சில் வைத்துக்கொண்டு பாடிய அம்மாக்களின் பதற்றம் குறைந்ததை இஸ்ரேலில் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் இதையும் கேள். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்கவில்லை, பிள்ளை தூங்கும்போதும் உனக்குத் தூக்கம் வரவில்லை, எதுவும் வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது பாட்டால் தீருகிற விஷயம் இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய், மருந்தும் ஆலோசனையும் உண்டு. உன் டாக்டரிடம் சொல், வெட்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். செத்துப்போகலாம், பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேன் என்ற நினைப்பு வந்தால் அந்த நிமிஷமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடு.

பிள்ளையின் கண் பரிசோதனை பிறந்து 30 நாளுக்குள் நடக்க வேண்டும், வீட்டுக்கு அனுப்பும் முன் காது பரிசோதனையும். இரண்டையும் நீயே கேட்டு வாங்கு. வீட்டுக்காரர் லீவில் வந்தால் அவரையும் சட்டையைக் கழற்றி உட்கார வை, அப்பா நெஞ்சும் சூடுதான்.

மாமியிடம் சண்டை வேண்டாம். அரைஞாண் கட்டு வீட்டுக்கு வந்தபிறகு நல்லபடியாகச் செய்யலாம் என்று சொல். வார்டில் அனுமதித்தால், குளித்துக் கைகழுவி வரச்சொல்லி அவர் நெஞ்சிலும் ஒரு மணி நேரம் கொடு, அந்த நேரத்தில் நீ சாப்பிட்டுத் தூங்கு. தாலாட்டு தெரியாது என்று எழுதியிருக்கிறாய், உன் வீட்டுக்காரரைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவர் அவர்தானே? என்ன பாடினார் என்று இன்றைக்கு ராத்திரியே கேள்.