யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாதவர்களை ஒரு சின்ன மையவாதக் கட்சியின் பக்கம் கொண்டுவருவது எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இப்போது எந்தக் கட்சியிலும் இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் மூன்று வாரம் மக்கள் நீதி மய்யத்துக்காகக் கோவை தெற்கில் வீடு வீடாக ஏறி இறங்கினேன், அவ்வளவுதான். காசு வாங்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. "சினிமாக்காரர் பின்னால் போனவன்தானே" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: கமல் படங்களை என்னைவிட என் மனைவிதான் அதிகம் பார்த்திருக்கிறாள். அவள் ஓட்டு யாருக்கு என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை.

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் கையில் நோட்டீஸ் கட்டோடு ஏதோ ஒரு தெருமுனையில் நிற்பவர் போலத் தெரிகிறது. கொள்கையை எப்படி எளிமையாக விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். காட்டூரில் ஒரு லேத் பட்டறை. இடதும் இல்லை, வலதும் இல்லை, அதனால்தான் மய்யம் என்று நான் விளக்கி முடிக்கும்வரை அந்த அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் எண்ணெய்க் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டே, "அதெல்லாம் சரிங்க தம்பி. ஜாப் ஒர்க்குக்கு ஜிஎஸ்டி குறையுமா, குறையாதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். ஒரு எம்.எல்.ஏ. தனியாக அதைக் குறைக்க முடியாது என்று உண்மையைச் சொன்னேன். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்று, முடிவு செய்யாதவர்கள் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இருக்க மாட்டார்கள். பாதிப் பேர் எப்போதோ முடிவு செய்திருப்பார்கள், நம் முகம் வாடக்கூடாது என்று "பார்க்கலாமுங்க" என்பார்கள். நான் தஞ்சாவூர்ப் பக்கம். கொங்கு நாட்டில் "பார்க்கலாமுங்க" என்றால் "இல்லை" என்று அர்த்தம் என்பது புரியவே எனக்கு ஒரு வாரம் ஆனது. முதல் வாரம் முழுக்க அத்தனை பேரையும் நோட்டில் நம் ஓட்டு என்று டிக் அடித்து வைத்திருந்தேன்.

உண்மையாகவே தயங்கியவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: ஓட்டு வீணாகிவிடும். தள்ளுவண்டியில் இட்லி விற்கும் ஒரு அக்கா, "நல்லவங்கதான், யாரு இல்லைன்னா? ஜெயிக்காதவங்களுக்குப் போட்டு என்னங்க தம்பி பண்றது?" என்று கேட்டார். அன்றோடு கொள்கை பேசுவதை விட்டேன். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கணக்கைச் சொன்னேன். 2019 நாடாளுமன்றத் தேர்தலில் கோவையில் இந்தக் கட்சி 1.45 லட்சம் ஓட்டு வாங்கியது, இப்போது தலைவரே இங்கே நிற்கிறார், இந்தத் தொகுதியில் இது வீண் ஓட்டு இல்லை. அதற்குப் பிறகுதான் ஆட்கள் நின்று பேச ஆரம்பித்தார்கள். அந்த அக்கா எங்கள் சின்னத்தைச் சொல்லி, "டார்ச் லைட்டு மேல இருந்து எத்தனாவது பட்டன்?" என்று கேட்டபோதுதான் ஒரு ஓட்டு உறுதி என்று தெரிந்தது. பட்டன் எங்கே இருக்கிறது என்று கேட்பவர் போடுவார், தேர்தல் அறிக்கையைக் கேட்டு வாங்குபவர் போடமாட்டார். (இது என் அனுபவம் மட்டும். ஆதாரம் கேட்காதீர்கள்.)

ஆனால் இந்தக் கணக்கு உண்மையாக இருக்கும் இடத்தில் மட்டுமே சொல்லுங்கள். 2021 தேர்தலில் கட்சி வாங்கியது மாநிலம் முழுக்கச் சேர்த்து மூன்று சதவீதத்துக்கும் கீழே. வேறு தொகுதியில் போய் "நாமதான் ஜெயிக்கிறோம்" என்றிருந்தால் சிரித்திருப்பார்கள்.

எனக்குப் பதிலே கிடைக்காத கேள்வி ஒன்றும் உண்டு. அதையும் இட்லிக்கார அக்காதான் கேட்டார். "தண்ணி வராட்டி உங்களை எங்க வந்து பாக்கறது?" நினைவிருக்கிறதா தெரியவில்லை, 2016 அக்டோபரோடு மாநகராட்சிக் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் சாக்கடை அடைத்தால் போய் நிற்கக் கவுன்சிலர் வீடு என்று ஒன்று இல்லை. பெரிய கட்சிகளுக்கு வட்டச் செயலாளராவது தெருவில் இருந்தார். எங்களுக்கு யார் இருந்தது? முகக்கவசம் போட்டுக்கொண்டு, மூன்று வாரத்தில் காணாமல் போகப் போகிற நான். என் முழு முகத்தைக்கூட அவர்கள் பார்த்ததில்லை. உங்கள் கட்சிக்குத் தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்பே அந்தத் தெருவில் ஒரு ஆள் இருந்தால், நோட்டீஸ் பாதி போதும்.

முடிவு எல்லோருக்கும் தெரியும். மே 2 அன்று நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பாஜகவின் வானதி சீனிவாசன் 53,209, கமல்ஹாசன் 51,481. வித்தியாசம் 1,728. அதாவது 865 பேர் அந்தப் பட்டனை விட்டு இந்தப் பட்டனை அழுத்தியிருந்தால் போதும். ஒரு கல்யாண மண்டபக் கூட்டம். உடனே "நீங்கள் ஓட்டைப் பிரித்ததால்தான் அவர்கள் ஜெயித்தார்கள், நீங்கள் பி டீம்" என்று அலுவலகத்தில் ஆரம்பித்தார்கள். காங்கிரஸ் வாங்கியது 42,383, மூன்றாவது இடம். இரண்டாவதாக வந்தவர் மூன்றாவதாக வந்தவரின் ஓட்டைப் பிரித்தாரா, அல்லது மூன்றாவதாக வந்தவர் இரண்டாவதாக வந்தவரின் ஓட்டைப் பிரித்தாரா? இதைக் கேட்டால் கட்சிக்காரன் என்பார்கள். கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

2024இல் அதே அக்காவைப் பார்த்தேன். மய்யம் அந்தத் தேர்தலில் நிற்கவில்லை, திமுக கூட்டணிக்கு ஆதரவு கொடுத்து, மாநிலங்களவையில் ஒரு இடம் என்று ஒப்பந்தம் போட்டது. அது சரியான முடிவா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் அக்கா சட்னி ஊற்றிக்கொண்டே, "என்னுங்க தம்பி, இந்தத் தடவை மிஷின்ல டார்ச்சே இல்லையாமே?" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் இட்லி இறங்கவில்லை. நீங்கள் சம்மதிக்க வைத்தவர் நாளைக்குக் கட்சி அலுவலகத்தில் போய்க் கேட்கமாட்டார், உங்களைத்தான் கேட்பார். அதையும் யோசித்துக்கொண்டு நோட்டீஸை எடுங்கள்.

கடைசியாக ஒன்று, சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அந்த 51,481இல் என் ஓட்டு கிடையாது. கோவைக்கு மாறி இரண்டு வருஷம் ஆகியும் பெயர் ஊர் வாக்காளர் பட்டியலிலேயே கிடந்தது. முகவரி ஆவணம் கொடுத்து மாற்றியிருக்கலாமே என்பீர்கள். பாஸ்புக்கில் ஊர் முகவரி, கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். வாடகை ஒப்பந்தம் போட்டுத் தாருங்கள் என்று நான்கு முறை கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க, நம்மளுக்குள்ள?" என்றே நாளைக் கடத்தினார். அந்த "நம்மளுக்குள்ள" காலி செய்யும்போது காணாமல் போய்விட்டது. பெயின்ட் அடிக்க என்று அட்வான்ஸில் 12,000 பிடித்துக்கொண்டார். அந்த வீட்டுச் சுவரில் நான் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் மாட்டியிருந்தேன்.