நூறு மதிப்பெண் யாருடையது?

கேள்வி: என் மகன் இந்த வருடம் இரண்டாவது தடவையாக நீட் எழுதினான். நாமக்கல்லில் ஒரு வருடம் தங்கிப் படித்து, முதல் தடவையைவிட 140 மதிப்பெண் கூடுதலாக வாங்கினான். அப்படியும் அரசுக் கல்லூரியில் இடம் இல்லை. எங்கள் தெருவில் அரசுப் பள்ளியில் படித்த ஒரு பெண், இவனைவிட 100 மதிப்பெண் குறைவு, முதல் தடவையிலேயே 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்துவிட்டாள். மதிப்பெண்ணுக்கு மரியாதை இல்லை என்றால் தேர்வு எதற்கு? நாளைக்கு நமக்கு வைத்தியம் பார்க்கப்போவது யார்?

- ஒரு தந்தை, திருப்பாதிரிப்புலியூர், கடலூர் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: நீங்கள் கொடுத்த எண்களையே ஒருமுறை கூட்டிக் கழித்துப் பாருங்கள். மகனின் இரண்டாவது மதிப்பெண் முதலாவதைவிட 140 அதிகம். அந்தப் பெண்ணின் மதிப்பெண் இவனுடைய இரண்டாவது மதிப்பெண்ணைவிட 100 குறைவு. அப்படியானால் இவனுடைய முதல் மதிப்பெண்ணைவிட அவள் 40 அதிகம் வாங்கியிருக்கிறாள். பிளஸ் டூ முடித்த கையோடு இரண்டு பேரும் எழுதிய தேர்வை வைத்துப் பார்த்தால் முன்னால் நிற்பது அவள்தான்.

உங்கள் மகன் படித்த படிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. வீட்டை விட்டுப் போய், ஒரு வருடம் முழுக்க ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பன்னிரண்டு மாதத்தில் 140 மதிப்பெண் ஏறியதே, அதற்காக அவனுடைய அறிவு அவ்வளவு மடங்கு பெருகிவிட்டதா? முதல் தடவை எழுதியபோதும் அவன் இதே பிள்ளைதான். கூடியது பயிற்சி. அந்தப் பயிற்சிக்கு நீங்கள் கட்டிய பணமும் விடுதிச் செலவும் அந்த மதிப்பெண்ணுக்குள் இருக்கின்றன. அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணில் அவை இல்லை.

நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு, தவறான விடைக்கு ஒன்று கழிவு. ஒரு தவறான விடை சரியாகிவிட்டால் ஐந்து மதிப்பெண் ஏறும். ஆக நீங்கள் சொல்லும் 100 மதிப்பெண் என்பது இருபது கேள்விகள். மூன்று மணி நேரத்தில் எந்தக் கேள்வியைத் தொடலாம், எதை விட்டுவிடலாம், ஓ.எம்.ஆர். தாளில் எப்போது வட்டத்தை நிரப்ப ஆரம்பிக்கலாம் என்பதையெல்லாம் வாராவாரம் மாதிரித் தேர்வு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இருபது கேள்விகள் அதில் வரும்.

நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையில் இதற்கு நேரடியான சான்று இருக்கிறது. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் இரண்டாவது, மூன்றாவது தடவை எழுதியவர்கள் 2016-17இல் சுமார் 12 சதவீதம். 2020-21இல் அது 71 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நான்கே வருடத்தில் பிள்ளைகள் மாறிவிடவில்லை. ஒரு வருடம் காத்திருக்கவும் அதற்குச் செலவு செய்யவும் முடிந்த வீடுகள் முன்னால் வந்தன. 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் 2020இல் வந்தது இந்த இடைவெளியைப் பார்த்துத்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், நீட்டில் தகுதியும் பெற்றிருக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் நீட் மதிப்பெண்படிதான் வரிசை. அந்தப் பெண் அந்த வரிசையில் நின்று ஜெயித்திருக்கிறாள். பக்கத்தில் புதுச்சேரியிலும் 2023-24 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 10 சதவீதம் கொடுக்கிறார்கள்.

நான் மேலே போட்ட கணக்கில் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருட வினாத்தாள்கள் ஒன்றுபோல இருக்காது. 2024இல் இறுதிப் பட்டியலில் 17 பேர் 720க்கு 720. 2025இல் இயற்பியல் கடினமாக இருந்தது, நாட்டிலேயே முதலிடம் பிடித்தவரின் மதிப்பெண் 686. பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண்ணும் 162இலிருந்து 144ஆக இறங்கியது. ஆகவே போன வருட மதிப்பெண்ணையும் இந்த வருட மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேசும்போது கவனம் வேண்டும். மகனின் இரண்டு வருட பர்சென்டைலையும் எடுத்துப் பாருங்கள், அது இன்னும் நியாயமாக இருக்கும்.

பர்சென்டைல் என்றதும் அதைச் சதவீதமாக நினைத்துக்கொள்கிறவர்கள் நம்மிடம் ஏராளம். 90 பர்சென்டைல் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு கேள்விக்கு விடை தெரியும் என்று அர்த்தம் இல்லை. எழுதிய நூறு பேரில் ஏறக்குறைய தொண்ணூறு பேர் உங்கள் அளவிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறார்கள், அவ்வளவுதான். பொதுப் பிரிவின் தகுதிக் கோடு 50ஆவது பர்சென்டைல், அதாவது கூட்டத்தின் நடுப்பகுதி. 144 என்பது 720இல் 20 சதவீதம். '20 சதவீதம் வாங்கினவன் டாக்டராம்' என்று டீக்கடையில் பேசுவது இதைப் பார்த்துத்தான். 2025இல் 22 லட்சம் பேர் எழுதி, 12 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் தகுதி பெற்றார்கள். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒன்றேகால் லட்சத்தை ஒட்டித்தான். தகுதி பெறுவது கவுன்சலிங் வாசலைத் தொடுவது மட்டுமே.

சரி, இந்த எண் எவ்வளவு உறுதியானது? 2024இல் ஓர் இயற்பியல் கேள்விக்கு முதலில் இரண்டு விடைகளையும் சரி என்று ஏற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்களிடம் கேட்டு, ஒரு விடைதான் சரி என்று முடிவானது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஐந்து மதிப்பெண் போயிற்று, ரேங்க் சரிந்தது. முதலில் அறிவித்தபோது 720 வாங்கியவர்கள் 67 பேர். தேர்வு நேரம் வீணானதற்காகச் சிலருக்குக் கொடுத்த கருணை மதிப்பெண் ரத்து, இந்தத் திருத்தம் எல்லாம் முடிந்தபோது 17 பேர். அந்த ஜூலையில் எந்தப் பிள்ளையும் எதையும் மறந்துவிடவில்லை. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் சாட் தேர்வுக்கு மதிப்பெண்ணோடு ஒரு வரம்பையும் போட்டுக் கொடுக்கிறார்கள். இதே மாணவர் வேறொரு நாள் எழுதியிருந்தால் இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் வாங்கியிருப்பார் என்று தேர்வு நடத்துபவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். நம்முடைய நீட் மதிப்பெண் அட்டையில் பர்சென்டைல் புள்ளிக்குப் பிறகு ஏழு இலக்கம் வரை போகிறது. வரிசையைப் பிரிக்க அது தேவைப்படலாம். ஆனால் பிள்ளைக்குத் தெரிந்ததை யாராலும் அவ்வளவு துல்லியமாக அளக்க முடியாது. புதுச்சேரி ஜிப்மர் 2019 வரை தனியாக நுழைவுத் தேர்வு நடத்தியதே, ஒரே வருடம் அதையும் நீட்டையும் எழுதி, ஒன்றில் இடம் கிடைத்து மற்றதில் கிடைக்காமல் போன பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் யாரைத் தகுதியில்லாதவர் என்பது?

அப்புறம், வைத்தியம் பார்ப்பது யார் என்ற உங்கள் கடைசிக் கேள்வி. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. சேர்ந்த பிறகு ஒதுக்கீடு எதுவும் கிடையாது. நாலரை வருடம் ஒரே உடற்கூறு, ஒரே மருந்தியல், ஒரே பல்கலைக்கழகத் தேர்வு, தேர்ச்சிக்கு எல்லாருக்கும் ஒரே அளவு, பிறகு ஒரு வருடம் பயிற்சி மருத்துவர். அந்தப் பெண்ணுக்கு எந்த இடத்திலும் நூறு மதிப்பெண் சலுகை தரப்போவதில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் நம் ஊரைப் புரட்டிப் போட்டபோது கடலூர் அரசு மருத்துவமனையில் காயத்துக்குத் தையல் போட்ட மருத்துவர்களில் ஒருவர்கூட நீட் எழுதியவர் இல்லை. நீட் முதன்முதலாக நடந்ததே 2013இல்தான். பிளஸ் டூ கட்-ஆஃப் மட்டும் போதும் என்றிருந்த காலமும் அப்படியொன்றும் சுத்தமானதில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பை உருப்போட வைத்த பள்ளிகளை நாம் பார்த்திருக்கிறோம். அப்போதும் வாய்ப்பு வாங்க முடிந்தவர்கள்தான் முந்தினார்கள்.

உங்கள் மகனுக்கு இடம் கிடைக்காததற்கும் அந்தப் பெண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. அரசுக் கல்லூரியின் மாநில இடங்கள் நூற்றில் ஏழரைதான் அந்த ஒதுக்கீடு. மற்ற இடங்களுக்கான வரிசையில் அவனைவிட அதிகம் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், அவர்களிலும் இரண்டாவது, மூன்றாவது தடவை எழுதியவர்கள் அதிகம். தெருவில் கண்ணெதிரே இருக்கிறாள் என்பதால் உங்கள் கோபம் அவள்மேல் திரும்பியிருக்கிறது.

இனி அவன் என்ன செய்யலாம்? போன வருட கட்-ஆஃபை வைத்து மனக்கணக்குப் போடாதீர்கள். இந்த வருட மாநிலத் தரவரிசையில் உங்கள் பிரிவில் அவன் எத்தனையாவது இடம் என்று பார்த்து, கவுன்சலிங்கில் இன்னும் சுற்று மிச்சம் இருந்தால் கடைசிச் சுற்று வரை கலந்துகொள்ளச் சொல்லுங்கள். முதல் சுற்றில் இடம் வராமல் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்துக்கும் வேளாண் படிப்புக்கும் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நிரப்பப்படுகின்றன. உங்கள் மாவட்டத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் புலம் இருக்கிறது. இவற்றுக்கு விண்ணப்பத் தேதி தனி, அதைத் தவறவிட்டு வருந்துகிற பெற்றோர் அதிகம். மூன்றாவது தடவை எழுதுவதா என்பதை அவனிடமே கேளுங்கள். நீங்கள் கேட்கும்போது அந்தப் பெண்ணின் பேச்சை எடுக்காதீர்கள்.