'டிஎக்ஸ் 11 ஃபீச்சர் லெவல் 10.0' பிழை: முதலில் டிரைவரைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. லேப்டாப்பில் விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போட்ட பிறகு, கேமைத் திறந்தாலே 'டிஎக்ஸ் 11 ஃபீச்சர் லெவல் 10.0 தேவை' என்று வந்து மூடிக்கொள்கிறது என்றீர்கள். தயவுசெய்து கேமை அழித்து மறுபடி இறக்காதீர்கள், டேட்டாதான் வீணாகும். பிழையில் வரும் 'டிஎக்ஸ்' என்பது டைரக்ட்எக்ஸ், அதாவது கேம்கள் கிராஃபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்த உதவும் விண்டோஸ் மென்பொருள்; அதையும் தேட வேண்டாம். அது விண்டோஸ் 10-லேயே இருக்கிறது.

லேப்டாப்பில் உள்ள வன்பொருட்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதை விரித்துப் பாருங்கள். அங்கே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், கிராஃபிக்ஸ் சிப்பை விண்டோஸ் முழுதாக இயக்கத் தேவையான மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவரே ஏறவில்லை என்று அர்த்தம். திரையில் எல்லாம் தெரியும், கேம் மட்டும் ஓடாது. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலைத் தேடி, அதற்கான கிராஃபிக்ஸ் டிரைவரை (இன்டெல், என்விடியா என்று இரண்டு சிப் இருந்தால் இரண்டு டிரைவரையும்) போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்புறமும் அதே பிழை வந்தால், செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய், கேமைத் திறக்கும் இஎக்ஸ்இ (.exe) கோப்பைச் சேர்த்து, கேம் வேகமான சிப்பில் ஓடும்படி 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் என்ன பெயர் தெரிகிறது என்று எழுதுங்கள், பார்க்கலாம்.