பக்கவாதத்துக்குப் பிறகு தண்ணீர்: வாசகர் கேள்விகள்

வெயில் ஏறிவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றித்தான்.

அப்பாவுக்கு இடது பக்கம் விழுந்து இருபது நாள் ஆகிறது. தாகமே இல்லை என்கிறார். விட்டுவிடலாமா? (கும்பகோணம்)

விடக் கூடாது. வயதானால் தாகம் தெரிவது குறையும். தாகத்தை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். இதயமும் சிறுநீரகமும் சரியாக இருந்தால் நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். மோர், கஞ்சி, காபி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு அரை டம்ளர் என்று வைத்துக்கொண்டாலே ஏறக்குறைய வந்துவிடும். உட்கார வைத்துக் கொடுங்கள்.

சோறு இறங்குகிறது, தண்ணீர் குடித்தால் மட்டும் புரையேறுகிறது. ஏன்? (திருவாரூர்)

தண்ணீர் வேகமாக ஓடும். மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்வதற்குள் உள்ளே போய்விடும். அதிலிருந்து நிமோனியா வரலாம். பக்கவாதம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஆரம்பத்தில் இந்தச் சிக்கல் உண்டு. விழுங்கும் பயிற்சி தரும் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். கெட்டியாக்கும் பவுடர் தேவையா, எந்தப் பதத்தில் என்று அவர் சொல்வார். கெட்டித் தண்ணீரை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை, அதனால் அளவை எழுதி வையுங்கள். இருமலே இல்லாமல் உள்ளே போவதும் உண்டு. குடித்த பிறகு குரல் களகளவென்று கேட்டால் உஷார்.

அப்பாயி இரவில் நாலைந்து தடவை சிறுநீர் போகிறார். தூக்கிப் போக ஆள் இல்லாததால் தண்ணீரைக் குறைத்துவிட்டோம். ஒரு வாரமாகப் பிதற்றுகிறார், பயிற்சிக்கு ஒத்துழைப்பதில்லை. மறுபடி பக்கவாதமா? (மன்னார்குடி)

இன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போங்கள். மறுபடி பக்கவாதமா, ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு மாறியிருக்கிறதா, சிறுநீர்த் தொற்றா என்று அங்கே பார்த்துவிடுவார்கள். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுகளான யூரியா, கிரியாட்டினினும் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். கிரியாட்டினின் அவ்வளவாக ஏறாமல் யூரியா மட்டும் எகிறியிருந்தால், பெரும்பாலும் தண்ணீர்ப் பஞ்சம்தான்.

மாதத்துக்கு ஒரு கடிதமாவது இப்படி வருகிறது. கேட்கத் தெரிந்தவரே தாகத்தைச் சொல்வதில்லை. பேச்சு போனவர் எப்படிச் சொல்வார்? செம்பு பக்கத்தில் இருந்தாலும் கை எட்டாது. நம் வசதிக்காக அந்தக் கொஞ்சத்தையும் நிறுத்திவிட்டு, "கிழவி பிடிவாதம் பிடிக்கிறாள்" என்கிறோம். உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் இறங்கும். பக்கவாதம் வந்த முதல் நாட்களில் இது இன்னும் மோசம். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடைமடை முதலில் காய்வதுபோல, அடைபட்ட இடத்தைச் சுற்றி அரைகுறை ரத்தத்தில் பிழைத்திருக்கும் மூளைப்பகுதி முதலில் சாகும். பின்னாளில் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, காலில் ரத்தக்கட்டு எல்லாம் வரும். எழுந்து நின்றால் தலை சுற்றும், அப்புறம் எப்படி நடைப்பயிற்சி செய்வார்?

கட்டில் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்களாகவே உட்கார வையுங்கள். குடிப்பதில் பெரும்பகுதியைச் சாயங்காலத்துக்குள் முடித்துவிடுங்கள். ராத்திரியில் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. கொடுக்கும்போது, மறுபடி சொல்கிறேன், உட்கார வைத்துக் கொடுங்கள்.

இதய நோயும் உண்டு. எவ்வளவு குடிக்கலாம்? (ஊர் எழுதவில்லை)

வயது இல்லை, மாத்திரைப் பெயர் இல்லை, கால் வீங்குகிறதா என்றுகூட எழுதவில்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. இதய மருத்துவர் சொல்லும் அளவுதான் உங்களுக்கு.

தினமும் மூன்று இளநீர் தரலாமா? ஓ.ஆர்.எஸ்.? (பேராவூரணி)

தென்னை உங்கள் ஊரில் கொட்டிக் கிடக்கிறது, தெரியும். ஆனால் இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதென்றாலோ, பொட்டாசியத்தை ஏற்றும் டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை ஓடினாலோ மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். மற்றவர்களுக்கும் நாளைக்கு ஒன்று போதும். ஓ.ஆர்.எஸ். பேதிக்கு. ரத்தக்கொதிப்புக்காரருக்கு தினமும் எதற்கு அந்த உப்பு?

மூக்குக் குழாயில் கஞ்சி தருகிறோம். தனியாகத் தண்ணீரும் வேண்டுமா? (சீர்காழி)

வேண்டும். ஒவ்வொரு தடவை கஞ்சி போன பிறகும் வெறும் தண்ணீர் விட்டால் குழாயும் அடைக்காது. மொத்த அளவை உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். குழாய் என்றாலும் படுக்க வைத்து விடாதீர்கள். முடிந்த பிறகும் அரைமணி நேரம் சாய்ந்தே இருக்கட்டும்.

வாய் கோணியதும் சோடா கொடுத்தோம். சரிதானே? (பாபநாசம்)

தப்பு. வாயில் ஒரு சொட்டும் விடாமல் 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.