என் பட்டறையில் பிறந்த பிராக்கெட்டுக்கு எனக்கே வக்கீல் நோட்டீஸ்!

கேள்வி: வணக்கம் மேடம். சேலம் சூரமங்கலம் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தங்கையை முத்துப்பேட்டையில் கொடுத்திருக்கிறோம். தங்கை வீட்டுக்காரருடைய ஃபைபர் படகின் அமரத்தில் (பின்பக்கம்) மாட்டியிருக்கும் மோட்டார், தண்ணீர் குறைந்த இடத்தில் அடிக்கடி சேற்றில் இடித்துக்கொண்டிருந்தது. 2018-இல் அவருக்காக ஒரு ஸ்டாண்டு செய்து கொடுத்தேன். இரண்டு பக்கமும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகடு, நடுவில் திருகு ராடு. கைப்பிடியைச் சுற்றினால் மோட்டார் சாயாமல் நேராக ஏறும், இறங்கும். 2021-இல், ஏற்றிய இடத்திலேயே நிற்பதற்கு ஸ்பிரிங் வைத்த பின் ஒன்று சேர்த்தேன். இதுவரை நாற்பது உருப்படி போயிருக்கும். 2022-இல் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து நான்கு வாங்கிப் போனார். போன வாரம் அவருடைய வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வருகிறது. இது அவர் பேடன்ட் (காப்புரிமை) செய்த பொருளாம். 15 நாளுக்குள் தயாரிப்பை நிறுத்தி உறுதிமொழிக் கடிதம் தர வேண்டுமாம், 10 லட்சம் நஷ்டஈடும் தர வேண்டுமாம். அவர் விற்கும் ஸ்டாண்டின் மேல் ‘பேடன்ட் பெற்றது’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். நான் செய்ததை நானே விற்கக் கூடாதா? நானே பேடன்ட் எடுக்க முடியுமா? காலால் மிதித்து ஏற்றுகிற மாதிரி புதிதாக ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். அதை என்ன செய்வது? நோட்டீஸ் நகலும் இரண்டு பழைய பில்லும் இணைத்துள்ளேன். (பெயர் வேண்டாம், சேலம்)

பதில்: நோட்டீஸ் நகலை அனுப்பியது நல்லதாயிற்று. மூன்று பக்க மிரட்டலை அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கும் எண்ணைத்தான் முதலில் பார்த்தேன். ‘பேடன்ட் எண்’ என்று போட்டு, 202341 என்று தொடங்கி மொத்தம் 12 இலக்கம் ஓடுகிறது. முதல் நான்கு இலக்கம் ஆண்டு. அடுத்த 4, சென்னை பேடன்ட் அலுவலகத்தைக் குறிக்கும். அதற்கடுத்த 1, சாதாரண விண்ணப்பம் என்பதற்கான குறி. மீதி வரிசை எண். ஆக, இது 2023-இல் சென்னையில் கொடுத்த விண்ணப்பத்தின் எண், அவ்வளவுதான். பேடன்ட் வழங்கப்பட்டால் அதற்குத் தனியாக வேறு எண் வரும், அதில் ஆண்டுக் கணக்கெல்லாம் இருக்காது. ரேஷன் கார்டுக்கு மனுப் போட்ட ரசீதைக் காட்டி அரிசி கேட்கிற கதையாக இருக்கிறது இது.

ஆனாலும் உடனே நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். பேடன்ட் சட்டம் 1970-இன் 11ஏ பிரிவு, விண்ணப்பம் பேடன்ட் இதழில் வெளியான தேதியிலிருந்தே விண்ணப்பதாரருக்குப் பேடன்ட் பெற்றவரைப் போன்ற உரிமைகளைத் தருகிறது. பேடன்ட் கைக்கு வரும்வரை வழக்கு மட்டும் போட முடியாது. வந்துவிட்டால், வெளியான தேதியிலிருந்து நீங்கள் விற்ற ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கணக்குக் கேட்க வழி இருக்கிறது. அதனால் ‘வெறும் விண்ணப்பம்தானே’ என்று விட்டுவிடக் கூடாது. இப்போதே அதை எதிர்க்க வேண்டும்.

இன்று செய்ய வேண்டியது ஒன்று. பேடன்ட் அலுவலகத்தின் இணையதளத்தில் இன்பாஸ் என்ற தேடல் வசதி உண்டு, காசு கிடையாது. அந்த எண்ணைப் போட்டு விண்ணப்பத்தின் நிலையையும், கடைசிப் பக்கங்களில் இருக்கும் ‘கிளெய்ம்’ என்ற பகுதியையும் பாருங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும், கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். படமும் விளக்கமும் எத்தனை பக்கம் இருந்தாலும், அவர் தனக்கென்று கேட்கும் உரிமை அந்த கிளெய்முக்குள்தான் அடங்கும். திருகு ராடு மட்டும் கேட்டிருக்கிறாரா, ஸ்பிரிங் பின்னையும் சேர்த்துக் கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இப்போது உங்கள் பில்லுக்கு வருகிறேன். உங்கள் வழக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஒரு பொருள், விண்ணப்பத் தேதிக்கு முன்பே இந்தியாவில் பகிரங்கமாகத் தெரிந்தோ பயன்பாட்டிலோ இருந்திருந்தால் அதற்குப் பேடன்ட் கிடையாது. 25(1) பிரிவின் கீழ், விண்ணப்பம் வெளியான பிறகு, பேடன்ட் வழங்கப்படுவதற்கு முன், யார் வேண்டுமானாலும் இந்தக் காரணத்தைச் சொல்லி எதிர்ப்பு மனு கொடுக்கலாம். அதையும் மீறிப் பேடன்ட் கொடுத்துவிட்டால், ஓராண்டுக்குள் 25(2)-இன் கீழ் மறுபடியும் எதிர்க்கலாம். 64-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம். அவர் உங்கள் மேல் வழக்குப் போட்டால் அதே காரணங்களை உங்கள் தற்காப்பாகவும் வைக்கலாம், 107-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

சரி, நீங்கள் அனுப்பிய 2018 பில்லில் என்ன எழுதியிருக்கிறது? கார்பன் நகலில் உங்கள் கையெழுத்தில் ‘போட் ஸ்டாண்டு – 1’, அதற்குக் கீழே தொகை, ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கையில் வாங்கியதும் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்கு இப்போதே கேட்கிறது: “ஸ்டாண்டு விற்றீர்கள், சரி. அது ஏறி இறங்குகிற ஸ்டாண்டு என்று எங்கே எழுதியிருக்கிறது?” படகைக் கரையில் நிறுத்தி வைக்கிற முட்டுக்கட்டையும் போட் ஸ்டாண்டுதான் என்பார். பட்டறைக்காரர்கள் பில் எழுதுகிற அழகு இது, உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு வருகிற பத்துப் பட்டறை வழக்கில் எட்டில் ‘ஐட்டம் – 1’ என்றுதான் இருக்கும்.

ஆகவே, அந்த பில்லோடு வேறு சாட்சிகளைக் கோக்க வேண்டும். லாரி செட்டில் போட்டு அனுப்பியிருந்தால் எல்.ஆர். ரசீது. எஸ்.எஸ். தகடு வாங்கிய கடை பில், அதில் கிரேடும் கனமும் இருக்கும். நீங்கள் வரைந்த படம், அது சிமென்ட் மூட்டைக் காகிதத்தில் இருந்தாலும் பரவாயில்லை. வாங்கியவர்களில் ஐந்தாறு பேரின் பிரமாணப் பத்திரம்: எந்த வருடம் வாங்கினேன், அதை எப்படி ஏற்றி இறக்குவேன் என்று அவரவர் பேச்சிலேயே இருக்கட்டும். தங்கை வீட்டுக்காரர் மட்டும் போதாது. வீட்டு ஆளுக்குச் சோதனைக்காகச் செய்து கொடுத்தது, பகிரங்கம் இல்லை என்று வாதாட இடம் கொடுத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய வெளி ஆட்கள் வேண்டும். நாற்பது பேரில் அப்படிப் பலர் இருப்பார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி, உப்புக் காற்றில் கிடக்கும் அந்த முதல் ஸ்டாண்டுதான். திருகு தேய்ந்து, துளை ஓரம் பளபளவென்று ஆகியிருக்கும். அது நாள்பட்ட புழக்கத்தில் வந்த தேய்மானம் என்று ஒரு மெக்கானிக்கல் இன்ஜினீயர் பார்த்துச் சொல்ல முடியும். பத்திரமாக வைப்போம் என்று அதைச் சேலத்துக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். பாலிஷ் போடவே கூடாது. வாங்கியவர் கையிலேயே இருக்கட்டும், தேவைப்பட்டால் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

போனில் இருக்கும் படங்கள், வாட்ஸ்அப் பேச்சு, குறிப்பாக அந்த வெளியூர்க்காரர் 2022-இல் உங்களிடம் விலை விசாரித்த பேச்சு, எதையும் அழிக்காதீர்கள். போனை எக்ஸ்சேஞ்சில் மாற்றுகிற எண்ணம் இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். மின்னணுச் சான்றைத் தாக்கல் செய்ய, முன்பிருந்த 65பி சான்றிதழுக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அது இரண்டு பகுதி, ஒன்று உங்கள் கையெழுத்து, இன்னொன்று நிபுணர் கையெழுத்து. ஒரிஜினல் போன் கையில் இருந்தால் இந்த வேலை சுலபம்.

ஸ்பிரிங் பின் விஷயம் இங்கேதான் வருகிறது. அது 2021-இல் சேர்ந்தது என்கிறீர்கள். அவருடைய கிளெய்மில் அந்தப் பின்னும் இருந்தால், 2018 சான்றுகள் பாதி வேலைதான் செய்யும். பின் வைத்த மாடலை 2021-க்கும் அவருடைய விண்ணப்பத் தேதிக்கும் நடுவில் விற்றதற்குத் தனியாகச் சான்று வேண்டும். அவருக்கே விற்ற நான்கும் பின் வைத்ததுதானே? அந்த 2022 பில் எங்கே? எனக்கு அனுப்பிய இரண்டில் அது இல்லை. முதலில் அதைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஜி.எஸ்.டி. கணக்குப் போடும் ஆடிட்டரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பழைய தேதி போட்டுப் புது பில் எழுதிவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அதைவிடப் பெரிய முட்டாள்தனம் கிடையாது.

‘என்னிடம் திருடிவிட்டார்’ என்பதும் சட்டத்தில் தனிக் காரணம்தான். பிறரிடமிருந்து முறைகேடாக எடுத்த கண்டுபிடிப்பு என்று எதிர்க்கலாம். மனுவில் அதையும் எழுதுவோம், ஆனால் முழுப் பாரத்தையும் அதன் மேல் ஏற்ற மாட்டேன். திருட்டு என்றால் அவர் உங்களிடமிருந்துதான் எடுத்தார் என்பதையும் நிரூபிக்க வேண்டிவரும். முன்பே விற்பனையில் இருந்தது என்பதற்கு உங்கள் பில்லும் அதோடு கோத்த சாட்சிகளும் போதும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, லேத் வைத்திருப்பவர் என்பதால் உங்களுக்குப் பிடிக்கும். மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரத்தை லேத்தில் பிடித்துக் கடைவதற்கான ஒரு சாதனத்துக்கு ஒரு கம்பெனி பேடன்ட் வாங்கி, இன்னொரு பட்டறை மேல் வழக்குப் போட்டது. பிஷ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் வழக்கு என்று சொல்வார்கள். 1978-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பேடன்ட் செல்லாது என்றது. தெரிந்த பொருளில் பட்டறைக்காரர் தன் கைத்திறனால் செய்கிற சாதாரணத் திருத்தம் பேடன்டுக்குப் போதாது, அதற்கு மேல் ஒரு கண்டுபிடிப்பு இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். படகு மோட்டாரை ஏற்றி இறக்கும் பிராக்கெட் உலகத்துக்குப் புதிதல்ல. ஓலே எவின்ரூட் தன் படகு மோட்டாருக்கு அமெரிக்கப் பேடன்ட் வாங்கியதே 1911-இல். அமெரிக்காவில் மீன்பிடி படகுகளில் ‘ஜாக் பிளேட்’ என்று ஒன்று மாட்டுகிறார்கள், பாய்மரப் படகுகளில் ஸ்பிரிங் வைத்து மேலே தூக்கும் பிராக்கெட்டும் உண்டு. ஒரு நல்ல பேடன்ட் ஏஜென்டிடம் கொடுத்தால் பழைய வெளிநாட்டு பேடன்ட்களைத் தோண்டி எடுத்துவிடுவார். கொஞ்சம் கசப்பான செய்தி என்னவென்றால், இந்த வாதம் அவருக்கு எதிராக எவ்வளவு எடுபடுமோ அவ்வளவு உங்கள் ஸ்டாண்டும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை என்று சொல்கிறது. மனத்தாங்கல் வேண்டாம்.

நோட்டீசுக்குப் பதில் கட்டாயம் கொடுங்கள். 15 நாள் என்பது அவர் வக்கீல் போட்ட கெடு, சட்டம் போட்டதல்ல. இருந்தாலும் அதற்குள் பதில் போவது நல்லது. விண்ணப்பம்தான் இருக்கிறது, 2018 முதல் நான் விற்கிறேன், உன் கட்சிக்காரரே என்னிடம் வாங்கியிருக்கிறார், வழக்குப் போட அவருக்கு இன்னும் உரிமை வரவில்லை. இவ்வளவு போதும், ஒரு பக்கம். ஆதாரங்களை இப்போது காட்ட வேண்டாம். உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள், ‘பிரச்சினை முடியட்டும்’ என்று வீட்டில் யார் சொன்னாலும் சரி. போன் பண்ணித் திட்டவும் வேண்டாம்.

மிரட்டல் தொடர்ந்தாலோ, உங்கள் வாடிக்கையாளர்களுக்கும் இப்படி அனுப்பினாலோ, 106-ஆம் பிரிவின் கீழ் நீங்களே அவர் மேல் வழக்குப் போடலாம். ஆதாரமில்லாத மிரட்டல் என்று அறிவிக்கவும், தடை உத்தரவுக்கும், நஷ்டஈட்டுக்கும் கேட்கலாம். மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே இந்த வழக்கு போகாது. ஸ்டிக்கர் விஷயம் இன்னும் சுவாரசியம். பேடன்ட் இல்லாத பொருளைப் பேடன்ட் பெற்றதாகச் சொல்லி விற்பது 120-ஆம் பிரிவின் கீழ் தவறு. ஜன் விஸ்வாஸ் என்ற திருத்தச் சட்டத்துக்குப் பிறகு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்களிடம் கேட்கிற தொகையும் அதே 10 லட்சம்! ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி ஒரு ஸ்டாண்டை யாரையாவது விட்டுப் பில்லோடு வாங்கி வையுங்கள்.

நீங்களே பேடன்ட் எடுக்க முடியுமா? பழைய ஸ்டாண்டுக்கு முடியாது. எந்த விற்பனை அவரைத் தடுக்கிறதோ அதுவே உங்களையும் தடுக்கும். விற்றுவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கச் சட்டம் அவகாசம் தருவதில்லை, அரசு அறிவித்த கண்காட்சி மாதிரி சில விதிவிலக்குகள் மட்டும்தான். நஷ்டமாகத் தோன்றும். ஆனால் அவருக்கும் கிடைக்காது, உங்கள் விற்பனை நிற்காது.

மிதித்து ஏற்றுகிற புது மாடல் வேறு கதை. அது இன்னும் யாருக்கும் விற்கவில்லை என்றால், முதலில் தற்காலிக விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். தனி நபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான், ஏஜென்ட் கூலி தனி. அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் கொடுத்தால் போதும், முதல் தேதி உங்களுக்கு நிலைக்கும். அதுவரை முத்துப்பேட்டைக்குக்கூட அனுப்பாதீர்கள், பட்டறையில் வந்து போகிறவர்கள் கண்ணில் படாமல் சாக்குப் போட்டு மூடி வையுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் எதுவும் போடவில்லையே? போட்டிருந்தால் எந்தத் தேதி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று குறித்துக்கொண்டு, அந்த 2022 பில்லோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.