மூன்றாவது ரவுட்டரும் பழசா?

பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஃபைபர் லைன்தான். இரண்டு மாதத்தில் மூன்று ரவுட்டர் மாற்றிவிட்டார்கள். கடைசியாக வந்ததில் மேலெல்லாம் கீறல், வைஃபை பெயரும் வேறு யாருடையதோ. இரவானால் லைன் போய்விடுகிறது. பழைய பெட்டியை இப்படிக் கொடுக்கலாமா? ஒப்பந்தம் முடிய இன்னும் 14 மாதம் இருக்கிறது. அதற்குள் வெளியேற வழி உண்டா?"

பழசு என்பதற்காக மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள், அக்கா. பல ஒப்பந்தங்களில் ரவுட்டர் நமக்கு விற்கப்படுவதில்லை, இரவலாகத்தான் வருகிறது. லைனை நிறுத்தும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். திரும்பி வந்த பெட்டியைத் துடைத்து, சோதித்து, இன்னொரு வீட்டுக்கு அனுப்புவார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் புதுப் பெட்டி என்று எழுதியிருந்தால் மட்டும் பேச்சு வேறு.

துடைத்தார்கள், சரி. சோதித்தார்களா? அடுத்தவர் வைஃபை பெயர் அப்படியே இருக்கிறதென்றால், பழைய அமைப்புகளை அழிக்கும் வேலையைக்கூட யாரும் செய்யவில்லை. உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆதாரம் அதுதான். அந்தப் பெயர் தெரியும்படி கைப்பேசித் திரையைப் படமெடுத்து வையுங்கள். அப்புறம் பெட்டியின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால், பொதுவாக எல்லாம் அழிந்துவிடும். அதற்கு முன்னால் நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். சில பெட்டிகள் அமைப்புகளைத் தாமே இறக்கிக்கொள்ளும். சில, லைனுக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு அப்படியே நின்றுவிடும்.

ஒருமுறை ஒரு வீட்டில் இப்படி வந்த ரவுட்டரைத் தலைகீழாகத் தட்டினேன். காற்றுத் துளை வழியாகச் சிற்றெறும்பும் முட்டையுமாக மேசையில் கொட்டியது. சூடான பெட்டி என்றால் எறும்புக்குக் கொண்டாட்டம்! நீங்களும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

இனி முக்கியமான விஷயம். மூன்று பெட்டிக்கும் ஒரே நோய் என்றால் எனக்குப் பெட்டி மேல் சந்தேகம் வராது. ரவுட்டரை மாற்ற வருபவர் பல நேரம் அவசரத்தில் பழைய அடாப்டரைச் சுவரிலேயே விட்டுவிட்டு, பெட்டியை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடுவார். ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரையும் அடாப்டரில் உள்ள எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டி 12 வோல்ட், 2 ஆம்பியர் கேட்கும்போது அடாப்டர் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் பகலில் எப்படியோ ஓடும். இரவில் வீடே இணையத்தில் உட்காரும்போது மூச்சுத் திணறி, அணைந்து, மறுபடி எழும். எழுத்து பொருந்தினாலும் அடாப்டர் உள்ளே நொந்து போயிருக்கலாம்.

லைன் போகும் நேரத்தில் விளக்குகளைக் கவனியுங்கள். எல்லாம் அணைந்து மறுபடி எரிந்தால் கோளாறு மின்சாரத்தில், அல்லது பெட்டியிலேயே. ஃபைபர் வயர் நுழையும் மோடத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை; வயர் மடங்கியிருக்கலாம், வெளியே அறுந்திருக்கலாம். அதற்குப் பத்துப் புது ரவுட்டர் மாட்டினாலும் பயனில்லை. விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்து வேகம் மட்டும் படுத்தால், மடிக்கணினியை வயர் போட்டு நேராக ரவுட்டரில் இணைத்துச் சோதியுங்கள். வயரில் நன்றாக ஓடினால் சிக்கல் வைஃபையில். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முட்டிமோதிக்கொண்டிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிப் பாருங்கள்.

300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டியும் வயரில் 94, 95-ஐத் தாண்டாமல் முட்டி நிற்கிறதா? ஒன்று, அந்த ரவுட்டரில் வயர் செருகும் துளை 100 எம்பிபிஎஸ் மட்டுமே தாங்கும் பழைய வகை. அல்லது வயருக்குள் இருக்கும் எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வயரை மாற்றியும், வேறொரு மடிக்கணினியில் பார்த்தும் அதே எண் வந்தால், உங்கள் திட்டத்துக்குப் பொருந்தாத பெட்டியைத் தந்திருக்கிறார்கள். இங்கே தாராளமாகச் சண்டை போடலாம்.

வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் பெட்டியின் சீரியல் எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். மூன்று பெட்டி கைமாறியிருக்கிறது, இல்லையென்றால் நாளைக்கு லைனை நிறுத்தும்போது "முதல் ரவுட்டர் எங்கே?" என்று பில் வரும்.

ஒப்பந்தத்திலிருந்து வெளியேற, தொலைபேசியில் கத்தினால் போதாது. ஒவ்வொரு புகாருக்கும் ரிப்போர்ட் நம்பர் வாங்குங்கள். தேதியும் லைன் போன நேரமும் ஒரு தாளில் ஏறட்டும். அபராதம் இல்லாமல் விடுவிக்கும்படி நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் எம்சிஎம்சி எனப்படும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம். பணம் திரும்ப வேண்டுமென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுவுக்கு 5 ரிங்கிட் கட்டணம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. பினாங்கில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு வசதி: ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே விளக்கம் கேட்கலாம்.

அதற்குள் நான்காவது பெட்டியோடு யாராவது வந்தால், முதலில் அடாப்டரை மாற்றச் சொல்லுங்கள். இரண்டு இரவு பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.